சிவப்பு நொப்பும் ஒரு திருகாணியும்

இத்தா முடிந்து நான் முதலில் திறந்தது உங்கள் காரின் கதவைத்தான். கணவன் மவுத்தாகிப் போன பெண் வெளியே போகாமல், வெளி ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் அந்த மாதங்கள் முழுவதும் கார் போர்ட்டிகோவில் பூட்டியே கிடந்தது. திறந்ததும் அத்தர் மணக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த அத்தரோடு சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போனேன். ஆனால் முகத்தில் அடித்தது வேறு வாசம். நல்லெண்ணெயில் வேர் போட்டுக் காய்ச்சிய மருந்தெண்ணெய். முழங்கால் நோவுக்கு உங்கள் உம்மா தடவும் எண்ணெயின் வாசம். உம்மா இந்தக் காரில் ஏறியதே இல்லை, கார் வாங்குமுன்பே போய்விட்டார். அப்படியானால் எண்ணெய் தடவிக்கொண்டு இதற்குள் உட்கார்ந்தது யார்? உங்களுக்குத் தெரியும், எனக்கு எப்போதும் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

பக்கத்தில் என் தம்பியும், காரைப் பார்க்க அவன் கூட்டி வந்த யட்டவத்த ஊர்க்காரர் ஒருவரும் நின்றார்கள். விற்றுவிடலாம் என்பது தம்பியின் யோசனை. எனக்கு ஓட்டத் தெரியாது, நின்ற இடத்திலேயே டயர் காற்று இறங்குகிறது. வந்தவர் பொனட்டைத் திறக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, பெடல்களின் ரப்பரைப் பார்த்தார். பிறகு கியர் கம்பியின் உச்சியில் இருக்கும் பிடியில் கை வைத்தார். நீங்கள் ‘நொப்’ என்று சொல்வீர்களே, அதில்.

“இது கம்பனி நொப் இல்லையே ராத்தா. அது எங்க?”

“எனக்குத் தெரியா. அவர்தான் வீட்டுல வெச்சி மாத்தினார்.”

“ஓடி ஓடி நொப் தேய்ஞ்சிருக்கும். ஓடின தூரத்தக் குறைச்சுக் காட்ட மீட்டரப் பின்னுக்குத் திருப்புறவங்க அதையும் மாத்திடுவாங்க. இல்லாட்டி கள்ளம் அகப்பட்டுப் போகுமே.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உங்களைச் சந்தேகப்படும் உரிமை இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் இருந்தது. வழியில் போகிறவருக்கெல்லாம் அதைப் பங்கு போட நான் தயாரில்லை.

“அவர் மீட்டர் திருப்புற மனுசன் இல்ல,” என்றேன். “கம்பனி நொப்பத் தேடிப் போட்டு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து பாருங்க.”

அவர் போன பிறகு அந்தச் சிவப்பு நொப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதே கேள்வியை நான் உங்களிடம் கேட்டு, சரியான பதில் கிடைக்காமல்தான் உங்களை மையவாடிக்கு அனுப்பினேன்.

“கம்பனி போட்டத நாம மாத்தக் கூடாது” என்பது உங்கள் பேச்சு. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட வருடக்கணக்காகக் கழற்ற விடாத ஆள் நீங்கள். வெயில் நேரம் உட்கார்ந்தால் சாரி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நான் ஆசையாகத் தைத்துத் தந்த பூப்போட்ட உறையை வாங்கி, அழகாக மடித்து, அலுமாரியில் வைத்துவிட்டீர்கள். அப்படிப்பட்டவர், நான் நாவுலயில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வருவதற்குள் கியர் நொப்பை மாற்றி வைத்திருந்தீர்கள். கம்பனி நொப் சின்னது, கறுப்பு, வழுவழுப்பான தோல். புதியது சிறு தோடம்பழம் அளவு உருண்டை, இரத்தச் சிவப்பு, மேலெல்லாம் ரப்பர் முள். பார்க்கச் சகிக்கவில்லை.

“இது என்ன கூத்து?”

“வடிவா இல்லையா புள்ள?”

“யார் தந்தது?”

“கலேவெலயில எடுத்தது.”

“எடுத்ததா, தந்ததா?”

நீங்கள் சிரித்தீர்கள். “பொலிஸ்ல சேர்ந்திருந்தா இந்நேரம் பெரிய ஆளாகியிருப்ப நீ,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

கலேவெல என்றால் என் மனசில் ஒரு துணிக்கடை. மாத்தளையில் இடுப்பில் கட்டும் சாரமும் சட்டைத்துணியும் எடுத்து, காரில் கட்டிக்கொண்டு போய், நாவுல, யட்டவத்த, கலேவெல என்று கடை கடையாகக் கொடுத்து வருவது உங்கள் தொழில். அதில் கலேவெலக் கடையை நடத்துகிறவள் புருஷன் இல்லாதவள், சிரித்துப் பேசுகிறவள், எனக்கு வயதில் நல்ல இளையவள். நமக்குப் பிள்ளை இல்லை. மார்க்கத்தில் இன்னொரு நிக்காஹ்வுக்கு இடம் இருக்கிறது, சத்தமில்லாமல் செய்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரே நூலில் கோக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நீங்களும் கோக்கக் கோக்க மணி எடுத்துத் தந்தீர்கள். நொப்புக்குப் பின்னால் அத்தர் வந்தது. பெருநாளைக்குக்கூட நான் கெஞ்சித்தான் பூசிவிட வேண்டும், அப்படிப்பட்ட மனிதர் காலையில் காருக்குப் போகுமுன் சட்டையெல்லாம் அத்தர். பிறகு சட்டையே போய்விட்டது. பொத்தான் வைத்த முழுக்கைச் சட்டை தவிர வேறு போடாதவர், பொடியன்மார் மாதிரி டீஷர்ட்டில் இறங்கினீர்கள். “வயசு போகப் போகத்தான் இளமை வருது போல,” என்றேன். “உனக்குப் பொறாமை,” என்றீர்கள்.

அப்புறம்தான் அந்தத் திருகாணி. ஒரு நாள் காரின் கால்மிதியைத் தட்டும்போது சிமெந்துத் தரையில் ஏதோ கிணுங்கி உருண்டது. எடுத்துப் பார்த்தால் அரிசியை விடச் சற்றுப் பெரிதாக, வெள்ளி நிறத்தில் ஒரு குட்டித் திருகாணி. பெண்பிள்ளையின் தோட்டிலிருந்து கழன்றது என்று நான் சத்தியம் செய்யத் தயார். உள்ளங்கையில் வைத்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இது யாருட தோட்டுத் திருகாணி?”

நீங்கள் அதை நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

“யாராவது ஏறியிருப்பாங்க.”

“யாராவதுன்னா?”

“பஸ் இல்லாத நேரம் ஒரு பொம்புள கை காட்டினா ஏத்தாம வர ஏலுமா?”

அதற்குப் பிறகு பல நாள் நான் உங்களோடு பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். தையல் மெஷின் லாச்சியை இழுத்து, உள்ளே இருந்த ஊசி டப்பாவுக்குள் திருகாணியைப் போட்டு வைத்தேன். என்றைக்காவது அந்தத் தோட்டைக் காணும்போது சாட்சிக்கு வேண்டும் என்று.

தோட்டைக் காணுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். சுபஹுக்கு எழும்பியவர் தொழுகைப் பாயிலேயே ஒரு பக்கமாகச் சரிந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், “இதுக்கு முதல் கையில காலில விறைப்பு, பலம் குறைஞ்ச மாதிரி ஏதாவது இருந்திச்சா?” நான் யோசிக்கவே இல்லை. “அப்பிடி ஒண்ணும் இல்ல டொக்டர். இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றேன்.

மையத்து வீட்டுக்குக் கலேவெலக்காரி வந்தாள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னை விட அதிகமாக அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர் உங்களுக்குச் சொல்லவே இல்லையா ராத்தா,” என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். அவள் காதைத்தான் பார்த்தேன். முக்காடு மறைத்துவிட்டது.

வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்த அந்த மாதங்களில் எனக்கு ஒரே நினைவு. கலேவெலயிலும் ஒருத்தி வெள்ளை உடுத்து உட்கார்ந்திருக்கிறாளோ? ஒரே ஆளுக்காக இரண்டு வீட்டில் இத்தா நடக்கிறதோ? உங்களுக்காக துஆ கேட்கக் கை ஏந்தினால் அவளும் கூடவே வந்து நிற்பாள். முழு மனசோடு உங்களை நினைத்து அழ ஒரு நாள்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

யட்டவத்தக்காரர் போன அன்று பின்னேரமே கம்பனி நொப்பைத் தேட ஆரம்பித்தேன். அலுமாரி, பரண், ஆணிப் பெட்டி எங்கும் இல்லை. கடைசியில் காரின் டிக்கியில், ஸ்பெயார் டயரின் குழிக்குள் உங்கள் பழைய பெனியனில் சுற்றிக் கிடந்தது. கூடவே புது நொப் வந்த பிளாஸ்டிக் பையும், வளைந்த ஒரு குட்டிக் கம்பிச் சாவியும். கறுப்பு நொப்பைத் துடைத்துப் பார்த்தேன். அதற்கும் நீங்கள் உறை போட்டல்லவா வைத்திருந்தீர்கள், தோல் தேயவே இல்லை. தேயாத நொப்பை ஒருவர் ஏன் கழற்ற வேண்டும்? சந்தேகம் இன்னும் கூடியது.

டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கியர் கம்பியைச் சுற்றியிருந்த தோல் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டுச் சிவப்பு நொப்பைச் சுற்றிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் மூன்று சின்ன ஓட்டைகள். கம்பியோடு இறுக்கிப் பிடிக்க ஓட்டைக்கு ஒரு ஸ்க்ரூ. ஒன்றில் மட்டும்தான் ஸ்க்ரூ இருந்தது, மற்ற இரண்டும் வெறுமை. கம்பிச் சாவியை விட்டுத் திருகினேன், நொப் கையோடு வந்தது. எண்ணெய் வாசம் அதிலிருந்துதான். ரப்பர் முள்ளுக்குள் எல்லாம் ஊறிப் போயிருந்தது. கழன்ற ஸ்க்ரூ என் மடியில் விழுந்து மின்னியது.

அரிசியை விடச் சற்றுப் பெரிது. வெள்ளி நிறம்.

எழுந்து போய்த் தையல் மெஷின் லாச்சியைத் திறந்தேன். ஊசி டப்பாவோடு காருக்குத் திரும்பி வந்தேன். என் சாட்சியை எடுத்து வெறும் ஓட்டையில் வைத்துச் சாவியால் திருகினேன். பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. தோடும் இல்லை, காதும் இல்லை, கை காட்டிய பொம்புளையும் இல்லை.

அதைத் திருகுவதற்குள் எனக்கே இரண்டு மூன்று தரம் கை தவறி விழுந்தது. ஒரு கை விரலால் ஸ்க்ரூவைப் பிடித்தால்தான் மறு கையால் சாவியைத் திருகலாம். ஒரு கை விரல் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? விழும். தேடுவோம், கிடைக்காது. ஒரே ஒரு ஸ்க்ரூவோடு போதும் என்று விட்டுவிடுவோம். டொக்டர் கேட்ட விறைப்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கறுப்பு நொப்பைக் கம்பியில் வைத்துச் சுற்றி இறுக்கினேன். கியர் இடது கைக்குத்தான். விரலை மடக்காமல் இடது கையால் தள்ளிப் பார்த்தேன். வழுக்கியது. அதைக் கழற்றிவிட்டுச் சிவப்பை வைத்துப் பார்த்தேன். விரலே வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினால் போதும், முள் பிடித்துக்கொள்ளும், கியர் விழும். பொத்தான் இல்லாத டீஷர்ட்டுக்கும் விரல் வேண்டாம். அத்தர், எண்ணெயை மறைக்க. கராஜுக்குப் போயிருந்தால் அதை நடத்தும் உங்கள் கூட்டாளி ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டிருப்பார். அதனால்தான் வீட்டில், அதுவும் நான் இல்லாத நாள் பார்த்து.

உங்கள் போனில் இருந்த நம்பரில் கலேவெலக்காரியை அழைத்தேன். உங்கள் இடது கைக்கு என்ன என்று கேட்டதும் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“கடைக்குக் கொண்டு வார சாரக் கட்டுட முடிச்சை அவிழ்க்க அவருக்கு ஏலாமப் போச்சு ராத்தா. நான்தான் அவிழ்த்து எடுப்பேன். எண்ணெயும் நான் வாங்கிக் குடுத்ததுதான். ஆஸ்பத்திரிக்குப் போங்க, வீட்டுல சொல்லுங்கன்னு எத்தனை தரம் சொன்னேன். பெருநாள் வியாபாரம் முடியட்டும்னார். அவளுக்குத் தெரிஞ்சா கார் சாவிய எடுத்து வெச்சிடுவான்னார்.” பிறகு, “ராத்தாக்குக் கோவமா?” என்றாள்.

“இல்ல,” என்றேன். பொய் சொன்னேன்.

உங்களுக்கு இன்னொருத்தி இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், அதே மூச்சில் உங்களைத் திட்டவும் திட்டினேன். எவ்வளவு கெட்டிக்காரர் நீங்கள். என் சந்தேகம் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்து, அந்தப் பக்கமே கதவைத் திறந்து வைத்தீர்கள். நான் அத்தரை முகர்ந்துகொண்டு நிற்க, உங்கள் கை செத்துக்கொண்டிருந்தது. திருகாணியை நீட்டியபோது “இது நொப்புட ஸ்க்ரூ” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். ஏன் விழுந்தது என்று கேட்பேனே, அதற்குத்தானே பயம்? நோயாளி என்று நான் பார்ப்பதை விட, வைப்பாட்டி வைத்தவர் என்று பார்ப்பது உங்களுக்கு லேசாக இருந்ததா? ஆமாம், சாவியை எடுத்துத்தான் வைத்திருப்பேன். அலுமாரியில் பூட்டிவிட்டு, உங்களை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். நீங்கள் இன்றைக்கும் இந்த வீட்டில் இருந்து, சாவியைத் தா என்று என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பீர்கள். முடிச்சை அவிழ்க்க அவளிடம் நீட்டிய கையை என்னிடம் நீட்டவில்லையே. அவள் நல்லவள்தான், தெரிகிறது. ஆனாலும் அது எனக்கு ஆறவில்லை. அன்று ராவாகுமுன்பே போர்ட்டிகோவில் உட்கார்ந்து, எவளும் நடுவில் வராமல், உங்களுக்காக முழுசாக அழுதேன்.

வெள்ளிக்கிழமை யட்டவத்தக்காரர் வந்தார். கறுப்பு நொப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என்ன ராத்தா இவ்வளவு புதுசா இருக்கு? இப்ப வாங்கிப் போட்டீங்களா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். “நல்லாச் சந்தேகப்படுங்க,” என்றேன். “ஆனா கைய வெச்சி, எல்லாத்தையும் பார்த்துட்டுப் பிறகு சந்தேகப்படுங்க.” பார்த்தார். காரைக் கொண்டு போனார். சிவப்பு நொப் என் தையல் மெஷின் லாச்சியில் இருக்கிறது. ஓட்டைக்குள் திருகாணியும் இருக்கிறது. லாச்சியைத் திறந்தால் உங்கள் எண்ணெய் வாசம்.

கார் போன மறுநாள் தம்பி வந்தான். எப்போதும் சட்டையில் வருகிறவன் அன்றைக்குப் புது டீஷர்ட்டில்.

“எப்ப இருந்து இது?”

“மகள் வாங்கித் தந்தா ராத்தா. நல்லா இல்லையா?”

“இடது கையத் தா.”

“என்னத்துக்கு?”

“தா. என் விரலப் பிடிச்சி இறுக்கு.”

சிரித்துக்கொண்டே இறுக்கினான். “நோவும் ராத்தா,” என்றான். நொந்தது. இவ்வளவு கேள்வி கேட்ட நான் உங்களிடம் கேட்காமல் விட்டது இது ஒன்றைத்தான்.

“நோவட்டும்,” என்றேன். “இன்னும் இறுக்கு.”