ஆறாவது கரண்டியின் முத்திரை

அன்பு மகள் சத்தியப்பிரியாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருப்பவரும் சுகமாக இருக்கவேண்டுமென்று பிள்ளையார்பட்டியில் சொல்லிவைத்திருக்கிறேன். நிற்க. நம் குடும்பத்தின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு முடிவு சென்ற மாதம் எடுக்கப்பட்டது. உன் அப்பா ஆழ்ந்து யோசித்து, எல்லாத் தரப்பையும், அதாவது என்னையும், கலந்தாலோசித்தபின், பல்பொடி ஒரு பொட்டலம் வாங்குவது என்று தீர்மானித்தார். பற்பசைக்கு மாறி இருபத்தைந்து வருஷமான வீட்டில் இது லேசான காரியமில்லை. பல்லுக்கு அல்ல, வெள்ளிக்கு. அதைச் சொல்லுமுன், பேறுகாலத்துக்கு வருவாயா என்று நீ கேட்டதற்குப் பதில். என் பாஸ்போர்ட் எப்போதோ எடுத்துப் பீரோவில் தயாராக இருக்கிறது. அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. "தலைப்பிரசவம் தாய் வீட்லதான், அவ இங்கிட்டு வரட்டும், நான் எதுக்கு அங்குட்டுப் போறேன்" என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் ஏறக்கூடாது என்று உன் டாக்டர் சொன்னதை டாக்டரின் சொந்த அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டார். அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் வரலாம், ஆனால் கேஸ் அடுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு எனக்கு அங்கே தூக்கம் வராது.

இனிக் கரண்டிக்கு வருகிறேன். கொல்லைக் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் வாங்க, பழைய சாமான் கடை வைத்திருக்கும் சாதிக் அலி அண்ணனிடம் அப்பாவை அனுப்பினேன். வந்தது ஒரு வெல்வெட் பெட்டி, அதற்குள் ஆறு வெள்ளிக் கரண்டிகள். நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது கிடைத்தவையாம். வெளிநாடு போகிறவர்கள் ஊர் ஞாபகத்துக்கு வாங்கிவரும் குட்டிக் கரண்டிகள், கைப்பிடியில் அந்தந்த ஊரின் கோட்டையோ கப்பலோ இருக்கும். பாயசத்துக்கு ஆகாது, பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாம். கதவு இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது. பல்பொடி போட்டுத் தேய்த்ததும் தண்டின் பின்பக்கம் எள்ளளவு முத்திரைகள் கிளம்பின. மின்வாரியத்தில் ஆயுசு பூராவும் மீட்டர் பார்த்த கண் சும்மா இருக்குமா? வாட்ச் கடை வெங்கட்ராமனிடம் கண்ணில் சொருகும் லென்ஸை இரவல் வாங்கினார், அதைக் கழற்றாமலே சாப்பிட்டார், தோசையில் ஓட்டை அதிகம் என்றார். நடக்கும் சிங்கம் என்றால் தரமான வெள்ளியாம், சிறுத்தை முகம் லண்டனாம், நங்கூரம் உன் ஊர் பர்மிங்ஹாமாம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எதற்கு என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கப்படாது சிட்டாளு, முத்திரைன்னா முத்திரைதான்" என்றார். கூட இரண்டு எழுத்து இருந்தால் அது செய்தவன் பெயர். ஐந்து கரண்டிகளின் தகப்பன்மாரை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். அறுபத்தாறு வயது. ஆறாவதுதான் மானத்தை வாங்கியது. நங்கூரம் தெளிவு, இரண்டாம் எழுத்தும் தெளிவு, முதல் எழுத்து மட்டும் தேய்ந்து, காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டு உமையாள் ஆச்சி வந்தார்கள். லென்ஸில் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சின்னதாப் பேரு வெட்டுனா, விசேஷத்துக்கு இரவல் குடுத்தது எப்படி வீடு திரும்பும்?" என்று ஒரே கேள்வியில் இங்கிலாந்தை முடித்துவிட்டார்கள். நியாயம்தானே? நம் ஊரில் அண்டா முதல் அகப்பை வரை பேர் வெட்டாமல் எது வீட்டில் தங்கியிருக்கிறது? மறுநாளே கைக்கு அகப்பட்ட கரண்டியைப் பாத்திரக் கடை மருதுவிடம் கொடுத்து 'பூ.சி.' என்று நல்ல பெரிதாக வெட்டச் சொன்னேன். முன்பக்கம் சித்திரம், குழியில் வெட்டினால் பண்டம் ஒட்டும், மிச்சம் பின்பக்கத் தண்டுதான். அகப்பட்டது ஆறாவது கரண்டி. நங்கூரத்தின் மேல் 'பூ' உட்கார்ந்திருந்தது, இரண்டு எழுத்தின் மேல் 'சி' படுத்திருந்தது. "அடிப்பாவி, ஒரு மனுசன் பேரையே அழிச்சுப்புட்டியே" என்று அப்பா அலறினார். "பூமிநாதன்னு உங்க பேரைத்தானே வெட்டியிருக்கு, ஏன் இப்பிடிப் பதறுறீக" என்றேன். அன்று இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டார். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துச் சொன்னார்: கைப்பிடியில் இருப்பது பர்மிங்ஹாம் மணிக்கூண்டு, இதன் கூடப் பிறந்தவை அந்த ஊர்ப் பழைய கடைகளில் கிடக்கும், ஒன்றை லென்ஸில் பார்த்தால் போதும், அழிந்த பேர் தெரிந்துவிடும். பிரியாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாமே என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தேன். "போட்டோவுல மீட்டர் பாத்தவன் எவனும் உருப்பட்டதில்ல" என்றார்.

ஆகையால் முக்கியமாக ஒன்று. அப்பா மனசு மாறிப் போனில் கரண்டி தேடச் சொன்னால், கால் வீங்கியிருக்கிறது, கடைத்தெருப் பக்கமே போக முடியாது என்று சொல். மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, அவர் உதவுகிற குணமுள்ளவர், அதுதான் எனக்குப் பயம். வாட்ஸப்பில் எழுதியிருப்பேன், நம் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே போன். அங்கே படிக்க வரும் சாதிக் அலி அண்ணன் மகள் சப்ரின் கையில் சீப்புச் சீடை கொடுத்தனுப்புகிறேன், டப்பாவின் அடியில் இந்தக் கடிதம் இருக்கும். சத்து மாத்திரையை மறக்காதே, குனிந்து எதையும் தூக்காதே. சுகப்பிரசவமாகி, மூக்கும் முழியுமாக ஒரு பிள்ளையை நீ மடியில் வைத்திருக்க, அந்தக் கற்பக விநாயகர் கூடவே இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா சிட்டாள்,
காரைக்குடி.

பி.கு.: அப்பா இன்று காலை பஸ்ஸில் மதுரைக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ் போயிருக்கிறார்.