வலது பக்கப் பை

பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

நீயும் உன் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த பொம்மைப் படத்தை ஞாயிற்றுக்கிழமை நூலக அரங்கில் பார்த்தேன். சீ! பத்து நிமிடப் படத்தில் பாதியிலேயே எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பொம்மைப் படம்தானே என்று சின்னவளையும் கூட்டிப்போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என்ன கண்றாவி அது! சட்டை போட்ட ஆள் பொம்மை பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டுகிறது. மிட்டாய் உருகி, எச்சில் மாதிரி நூல்நூலாக இழுபட்டு, அந்தக் குட்டிப் பெண் பொம்மையின் கை, தலைமயிர், வாய் எல்லாம் அப்பிக்கொள்கிறது. வாயைத் திறக்கப் பார்க்கிறது, முடியவில்லை. பக்கத்து இருக்கை டீச்சரம்மா, பொம்பளப் பிள்ளைங்க மூணு பேரு சேர்ந்து எடுக்கிற படமா இது, வேற கதையே கிடைக்கலையா என்று முணுமுணுத்தார். நானும் தலையாட்டினேன். பெற்ற மகளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அப்புறம்தான் சட்டையைக் கவனித்தேன். நான் தைத்த சட்டை! போன வருடம் நீ அளவு அனுப்பிக் கேட்டாயே என்று விரல் நீளத்தில் மூன்று தைத்து அனுப்பினேன். பை வலது பக்கம் வேண்டும் என்று வரைந்து காட்டியிருந்தாய். ஏன் என்று கேட்கவில்லை. முப்பது வருடத் தையலில் எல்லோருக்கும் பை இடது பக்கம்தான். வலது பக்கம் வைத்தது ஒரே ஒருவனுக்கு, இடதுகைக்காரனான என் தம்பிக்கு. கை பழகின வேலை, மண்டைக்கு எட்டவில்லை.

சின்னவள் என் காதில், மாமாவும் இப்படித்தாம்மா எனக்கு மிட்டாய் குடுப்பாரு, அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னாரு என்றாள். அப்போதுதான் எழுந்து ஓடினேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் மெதுவாகக் கேட்டேன். மிட்டாயோடு நின்றிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, இருக்கவும் விடமாட்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து அவன் நம் வீட்டு முன்னறையில் வந்து தங்குவதாக இருந்தான். இந்த வாசப்படியை மிதிச்சா காலை வெட்டுவேன் என்று போனில் சொல்லிவிட்டேன். ஏன்க்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நாய். போனை வைத்துவிட்டான். உன் அப்பா, ஒரு பொம்மைப் படத்தைப் பார்த்துட்டுக் கூடப்பிறந்தவனை அறுத்து விடுவியா என்று குதிக்கிறார். அறுத்தாச்சு, உங்களுக்கு வேணும்னா அவன் வீட்டிலேயே போய்ச் சாப்பிடுங்க என்றேன்.

அவனை நினைத்தால் வரும் அருவருப்பைவிட என்னை நினைத்தால் வருவதுதான் அதிகம். ஒன்பது வயதில், மாமா பக்கத்துல உட்கார மாட்டேன் என்று நீ அழுதாய். பெரியவங்களை மதிக்கத் தெரியாதா என்று அறைந்தேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தில் மூலையில் தையல் மிஷின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா பொம்மையின் முகத்தை நீ காட்டவே இல்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படி விட்டாய் என்றால், வேண்டாம் கண்ணே. என் முகத்தையே செய்து வை. அவளைத் திருப்பி உட்கார வை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா