முக்காட்டிலிருந்து எடுத்த ஹேர்பின்

ரியாத்

அன்புள்ள அம்மாவுக்கு ஜெனிபா தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பயப்படும்படி ஒன்றுமில்லை, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் முக்காடு போட்டே ஆக வேண்டும் என்ற கெடுபிடி இங்கே இப்போது இல்லை. என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஹனான், இந்த ஊர்ப் பெண், முதல் முறையாகத் தலையை மூடாமல் டூட்டிக்கு வந்தாள். சாயங்காலம் அவளை அழைத்துப்போக அவள் அம்மா வந்தார். கண் மட்டும் தெரிய மூடியிருப்பவர். மகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் தன் முக்காட்டுக்குள் கைவிட்டு ஒரு ஹேர்பின்னை எடுத்து, ஹனானின் தலையில் செருகினார். "காத்துக்கு முடி கண்ணுல வுழுதுடி" என்று நம் ஊரில் சொல்வோமே, அதைத்தான் அரபியில் சொன்னார். பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு போனார்கள்.

தங்கச்சி ஆனி ரோஸ் முக்காடில்லாமல் பூசைக்கு வந்தாள் என்று, ஈஸ்டரிலிருந்து நீங்கள் அவளோடு பேசுவதில்லையாமே.

என் வெள்ளை முக்காட்டுத் துணி அங்கே வீட்டுப் பெட்டியில் இருக்கும். இங்கே மாதா கோயில் இல்லை. தனியாகச் செபமாலை சொல்லும்போது போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கிறது. யாரும் போடச் சொல்லவில்லை. ஆனி ரோஸை ஜெயங்கொண்டத்தில் கூரியர் போடச் சொல்லுங்கள். வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே அவள் கையில் கொடுங்கள் அம்மா.

டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

ஜெனிபா