நாடியில் ஒரு குழி

இன்று காலை மெடிக்கல் கடையில் யாரோ கிராம்புத் தைலப் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். கடைக்காரர் துடைப்பத்தைத் தேடி ஓட, நான் மாத்திரையைக்கூட வாங்காமல் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசம் உன்னைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டது. "என்னண்ணே, தலை சுத்துதா?" என்றார் அவர். என் பெண்டாட்டி வந்திருக்கிறாள் என்றா சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. அதனால் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் நாம் ராஜபாளையத்தில் குடியிருந்தபோது, மகள் தவழத் தொடங்கிய சமயம் அது. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் எனக்கு நைட் ஷிப்ட். பஞ்சுத் தூசி ஏறி, வருஷம் பூராவும் மூக்கடைப்புதான். அப்போதுதான் நாடியில், கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே, அந்தக் கட்டி வந்தது. மிளகு பருமன்கூட இருக்காது. உடையும், வடியும், பொருக்குத் தட்டும், மறுபடி உடையும். ஆனால் வலியே இல்லை. பெருவியாதிக்கு, அதுதான் குஷ்டத்துக்கு, வலி இருக்காது என்று எங்கோ கேட்டிருந்தேனா, வலிக்காததுதான் என்னைப் போட்டுக் கொன்றது.

சவரக்கடையில் கைவிரித்துவிட்டார்கள். "கத்தி பட்டா நாலு பேருக்குப் பரவிரும்ணே, கோவிச்சுக்கிடாதீக" என்றார் கடைக்காரர். வளர்ந்த தாடியைக் கேட்டவர்களிடம், அய்யனார் கோவிலுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று அளந்துவிட்டேன். தறிக்கூடத்தில் எல்லாரும் 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீகூட எனக்குத்தான் முதலில் வரும். நீ கேள்விப்பட்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"சாமி பேரச் சொல்லியா பொய் சொல்லுதீக? நான் நெசமாவே நேந்துக்கிட்டேன். புண்ணு ஆறினாத்தான் தாடிய எடுக்கணும். இப்ப என்ன செய்வீக?" என்றாய். வசமாக மாட்டிக்கொண்டேன்.

தாடி புண்ணை மறைத்தது, ஆற்றவில்லை. தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பெல்லாம் தடவினோம். நீ கோவில் குளத்தில் வெல்லக்கட்டியைப் போட்டுவிட்டு வந்து, வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரைந்துவிடும் என்றாய். அதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் தறியில் குனிந்தபோது நாடியில் இருந்து ஒரு சொட்டு துணியில் விழுந்தது. முதலாளி பார்த்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போற துணிய்யா இது. நல்லா ஆறின பொறவு வா" என்றார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே ஒதுங்கினேன். தட்டு தனி, தம்ளர் தனி, பாய் முன்னறையில். மகள் தவழ்ந்து வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஒரு நாள் என் தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை நீ எடுத்து, என் கண்முன்னாலேயே மடக்கென்று குடித்தாய்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஆமா, கிறுக்குத்தான். தொத்துனா தொத்தட்டும். ரெண்டு பேரும் ஒரே பாயில கிடப்போம்."

தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு கழுவப் போனேன்.

பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ அடுப்படியில் இருந்து ஓடி வந்து என் தாடியை விலக்கிப் பார்த்தாய். "செத்த நேரம் அசையாதீக. இன்னொருக்கா கடிங்க." கடித்தேன். "முன்பல்ல வச்சுக் கடிக்கும்போதெல்லாம் நாடியில வடியுது. அந்தப் பல்லும் கறுத்துல்லா கிடக்கு! தோல் டாக்டர்கிட்ட போனது போதும். எந்திரிங்க, பல் டாக்டர்கிட்ட போவோம்." பல் வலிக்கவே இல்லையே என்றேன். "புண்ணுந்தான் வலிக்கல" என்றாய்.

நீ பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பஸ்ஸில் இழுத்துப் போனாய். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லு செத்துப் போச்சு. வேர்ல சீழ் கட்டி, எலும்ப அரிச்சு, தோல் வழியா வெளிய வந்திருக்கு. இது யாருக்கும் ஒட்டாது." அப்புறம், "வாயைத் திறந்தா தூங்குவீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நீ, "அத ஏன் கேக்கீக சார், அங்காந்துதான்" என்றாய். மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டால் எச்சில் வற்றிப்போகும், எச்சில் வற்றிய வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும் என்று அவர் விளக்கினார். எனக்கு எதுவும் ஏறவில்லை. 'ஒட்டாது' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டேன். பல்லைப் பிடுங்கி, கிராம்புத் தைலம் வாசமடிக்கிற பஞ்சை வைத்து அனுப்பினார். படி இறங்கியதும் நீ பிள்ளையை என் கையில் திணித்தாய். "தூக்குங்க. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு." நடுத்தெருவில் நின்று அழுதேன்.

புண் ஆறி, சிறு குழியாக உள்வாங்கியது. அய்யனார் கோவிலுக்குப் போய்த் தாடியை எடுத்தேன். முகம் தெரியாமல் மகள் வீறிட்டாள். பிறகு அந்தக் குழிக்குள் விரலை விட்டு விட்டுச் சிரித்தாள். தறியிலும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

அதோடு விட்டாயா? நைட் ஷிப்ட் முடிந்து நான் பகலில் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்குவாய். வாய் திறந்தால் இரண்டு விரலால் நாடியை மேலே தள்ளுவாய். மனுஷனை நிம்மதியாகத் தூங்க விடமாட்டாயா என்று எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன்! "மூக்கால விடுங்க, மூக்கால" என்பாய், அசராமல்.

தொண்ணூறுகளின் கடைசியில் நெஞ்சுவலி என்று படுத்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாடிக்கட்டுக்குத் துணி கேட்டார்கள். நம் வீட்டில் பேண்டேஜ் துணிக்கா பஞ்சம்? நானே கட்டினேன். "இறுக்கிக் கட்டுங்க, வாய் திறந்துக்கிடும்லா" என்றாள் உன் பெரியம்மா. என்னால் முடியவில்லை. உனக்கு மூச்சு முட்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெரியம்மாவே வந்து அவிழ்த்துக் கட்டினாள்.

மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். எனக்கு இப்போது ஒரு பல்கூட இல்லை. வாயைத் திறந்து தூங்கினால் கெட்டுப்போக ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் மத்தியானம் படுக்கும்போது, இரண்டு விரலை நானே நாடிக்குக் கீழே கொடுத்துக்கொள்கிறேன். கண் அயர்ந்ததும் கை நழுவிவிடுகிறது.