பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருந்த நம்பர்

பிரியமுள்ள மகள் அஃப்ரினுக்கு, வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே சாரல் தொடங்கிவிட்டது, ஐந்தருவிக்குப் போகிற வண்டிகளால் தெருவைக் கடக்க முடியவில்லை. உம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. தினமும் போனில் பேசுகிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம்.

ஜவுளிக்கடை வேலையை விட்டபின் பழைய சைக்கிள்களைச் சரிசெய்வதில் நான் இறங்கியது உனக்குத் தெரியும். இதுவரை மூன்று சீமை சைக்கிள்களை ஓடவைத்துவிட்டேன். ஒரு சைக்கிள் எந்த வருடத்தது என்பதைப் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தின் வடிவத்தையும் சீட்டுக்குக் கீழே பிரேமில் வெட்டியிருக்கும் நம்பரையும் வைத்துச் சொல்லிவிடலாம், இப்போது அந்த அளவுக்குத் தேறிவிட்டேன். போன மாதம் பட்டாவைத் தேடி என் வாப்பாவின் தகரப்பெட்டியைக் குடைந்தபோது அவர்கள் சைக்கிள் வாங்கிய ரசீது கிடைத்தது. அதில் பிரேம் நம்பர் எழுதியிருந்தது. பின்கட்டில் பதினோரு வருடமாகச் சாக்கு மூடிக் கிடந்த பச்சை சைக்கிளை வெளியே இழுத்து, சீட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பச்சை போய்க் கறுப்பு வந்தது, கறுப்பு போய் நம்பர் வந்தது. ரசீதில் இருந்த ஆறு எண்ணும் அப்படியே இருந்தன.

உனக்கு அப்போது பதினாறு வயது. வீட்டை இடித்துக் கட்டிய எட்டு மாதமும் என் வாப்பா விட்டுப்போன அந்தக் கறுப்பு சைக்கிளை உம்மாவின் தம்பி பரீது மாமாதான் வீரகேரளம்புதூரில் தன் வீட்டில் வைத்திருந்தார். பச்சைப் பெயிண்ட் அடித்து, புது ரிம், புது ஹேண்டில்பார் போட்டு லோடு ஆட்டோவில் அவர் கொண்டுவந்து இறக்கியபோது, நல்ல சைக்கிளை விற்றுவிட்டு ஏதோ ஓட்டை சைக்கிளை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று தெருவே கேட்கக் கத்தினேன். மச்சான், அல்லா மேல ஆணையா இது அதே சைக்கிளுதான், துருவேறிக் கெடந்துச்சு, புதுசாக்கித் தந்தா சந்தோசப்படுவீகன்னு நெனச்சேன் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. வாப்பா, மாமா பொய் சொல்ல மாட்டாக என்று நீ வந்து நின்றாய். உனக்கென்னட்டி தெரியும், உள்ள போ என்று உன்னை விரட்டினேன். சைக்கிளில் நம்பர் உண்டு என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாதுதான், ஆனால் தெரிந்திருந்தால் பார்த்திருப்பேனா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன், பார்த்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அவ்வளவு கோபம். உன் நிக்காஹ்வில் தாய்மாமன் இல்லாமல் போனது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமி மவுத்தானபோதும், கடைசியாக முகம் பார்க்கக்கூட உம்மாவைப் போகக்கூடாது என்று தடுத்தேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், நான் கடைக்குப் போய்விட்டேன்.

ரசீதை எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூருக்குத் தனியாகத்தான் போனேன், உம்மாவிடம் சொல்ல தைரியமில்லை. மாமா ரொம்ப மெலிந்துவிட்டார். ரசீதைக் கையில் வாங்கினார், படிக்கவில்லை, மடித்துத் திருப்பித் தந்துவிட்டார். அக்காவக் கூட்டிட்டு வரலியா மச்சான் என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். பிறகு மாமி படுத்திருந்த கட்டிலைக் காட்டி, அவ கடைசி வாரம் பூரா வாசல்ல சத்தம் கேட்டாலே அக்கா வந்துட்டாகளான்னு கேப்பா என்றார். அதைக் கோபமில்லாமல் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி பஸ்ஸில் கூட்டிப்போனேன். அவள் மாமி படுத்திருந்த கட்டிலில் போய் உட்கார்ந்தாள். மாமாவே டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது உம்மா தம்பியின் தலையைத் தடவினாள். திரும்பி வந்து தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபிறகு என் முகத்தைப் பார்க்காமல், நம்பர் சரியா வந்ததுனாலதான் இப்பம் என் தம்பிய நம்புதீகளா, ஒரு எண்ணு மாறி இருந்தா அவன் கள்ளன்தானா என்று கேட்டாள்.

போன் குரூப்பில் இருக்கிற நண்பர்கள் பச்சையை முழுசாகச் சுரண்டிவிட்டுப் பழைய கறுப்பு அடிக்கச் சொல்கிறார்கள், அப்போதுதான் அசல் சைக்கிளாம். நான் செய்யப்போவதில்லை. மாமா எனக்காக ஆசைப்பட்டு அடித்த பெயிண்ட், இருந்துவிட்டுப் போகட்டும். தேய்த்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. அதை உனக்கு எழுதித்தர வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மாமாவுக்கு போன் போடு, நம்பர் மாறியிருக்கிறது, உம்மாவிடம் வாங்கிக்கொள். எனக்காகப் பரிந்து ஒன்றும் பேசவேண்டாம். மாமிக்காக யாசீன் ஓது. பேத்தி மேல் ஏசிக் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் என்னிடம் இல்லாத பொறுமையையும் தருவானாக. ஆகஸ்டில் லீவுக்கு வரும்போது நேரே வீரகேரளம்புதூருக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு, அப்புறம் நம் வீட்டுக்கு வா. நான் காத்திருக்கிறேன்.

உன் வாப்பா
மசூது
தென்காசி