பெரிய மிஸ் ஊருக்குப் போயிருக்கிறார்

ஒட்டடை அடிக்கலாம் என்று இன்று காலை பொம்மை அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்தேன். பின்பக்கத்திலிருந்து உன் கையெழுத்து விழுந்தது. பழுப்பு டேப்பின் பசை காய்ந்து, ஓரம் சுருண்டு, எந்த வருடத்து நோட்டீஸ் என்றே தெரியாத ஒரு தாள். ‘முதல் வாரம்: பெற்றோர் கவனத்திற்கு’ என்று மேலே எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறாய். ஜூன் பிறக்க ஒன்பது நாள்தான் இருக்கிறது. புதிதாகப் பதினேழு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸை மூன்று நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். விழுந்த தாளை உடனே குனிந்து எடுக்கவில்லை. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, நின்றபடியே கொஞ்ச நேரம் அதைத் திட்டினேன்.

உன் நோட்டீஸ்களை இந்தச் சந்தில் எல்லோரும் படிப்பார்கள், வீட்டில் குழந்தை இல்லாதவர்களும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கேட்டில் ஒட்டுவாய். நான் அதையே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். மழை ஆரம்பித்துவிட்டது, பையில் ஒரு ஜதை மாற்றுத்துணி இருக்கட்டும். பெயர் எழுதாத தண்ணீர் பாட்டில் யாருக்கும் சொந்தமில்லை. மூக்கு ஒழுகினால் வரலாம், காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். மருந்து கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்கு எங்களுக்குத் தெரிந்துவிடும். பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், வாழைப்பழம் போதும் என்று நீ எழுதியதற்கு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா மூன்று பத்தியில் மறுப்பு அனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை, ‘ஏலக்கி வாழை என்றால் இன்னும் நல்லது’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்தாய். அவர் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

நீ குள்ளம், நான் நெட்டை. ஆனாலும் பிள்ளைகளுக்கு நீ பெரிய மிஸ், நான் சின்ன மிஸ். பெங்களூர் தொம்மலூரில் இந்தக் கீழ்வீட்டைப் பிடித்து நாம் இருவரும் ப்ளே ஸ்கூல் ஆரம்பித்த முதல் வருடத்தில் மொத்தமே ஆறு பிள்ளைகள். அதில் ஒருத்தி கேப் டிரைவரின் மகள். அவள் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பா ஓசைப்படாமல் நழுவிவிட்டார். பிள்ளை அழுவதைப் பார்க்க வேண்டாமே என்று நினைத்திருப்பார். அவள் அழவே இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள், மேஜைக்கு அடியில் பார்த்தாள், பாத்ரூமுக்குள் பார்த்தாள், திரும்பவும் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் அதே வேலை. ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒரு மணிக்கு வந்தவரை நீ வாசலிலேயே நிறுத்தினாய்.

“அழவெச்சிட்டுப் போனாகூடப் பரவால்ல சார். தேடவெச்சிட்டுப் போகாதீங்க.”

அந்த வாரமே அது நோட்டீஸில் ஏறியது. சொல்லாமல் நழுவாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, போகிறேன் என்று சொல்லுங்கள். திரும்பி வரும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்துச் சொல்ல வேண்டாம். சாப்பிட்டு, ஒரு கதை கேட்டு முடித்ததும் வருவேன் என்று சொல்லுங்கள். ஒரு தடவை அணைத்துக்கொண்டு கிளம்புங்கள். அழுதால் அழட்டும், நாங்கள் இருக்கிறோம். வருவேன் என்று சொன்னால் வந்துவிடுங்கள். பதினான்கு வருடத்தில் இதில் ஒரு வரியை நீ மாற்றியதில்லை, இன்று விழுந்த தாளிலும் அதே வரிகள்தான். சொல்லாமல் போன ஒரு டாக்டரம்மாவை, பாதி வழியில் ஃபோன் போட்டுத் திரும்ப வரவழைத்து, மகளிடம் சொல்லவைத்து அனுப்பினாய். அன்று அவருக்குப் பத்து நோயாளிகள் காத்திருந்தார்களாம். உனக்காக மன்னிப்புக் கேட்டது நான்தான்.

போன தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். முட்டி வலி தாங்கவில்லை, சேலத்தில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல எண்ணெய் வைத்தியம் செய்கிறார்கள், பொங்கலுக்குள் வந்துவிடுவேன் என்றாய். நம்பினேன். நீ கீழே உட்கார்ந்து எழுந்திருக்கும்போது முனகுவதை வருடக்கணக்காகக் கேட்டவள் வேறென்ன செய்வேன்? நீ இளைத்திருந்தாய். அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, “என்னடீ, இந்த வயசுல டயட்டா?” என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வழக்கம்போல் கேட்டில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பினாய். இனியாவின் ஸ்வெட்டருக்குக் குனிந்து பட்டன் போட்டாய். ஈரோட்டிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர்களின் மகள், நான்கு வயது முடியவில்லை, உன் மடியைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து கதை கேட்காதவள். அவளிடம், “திங்கக்கெழம பாக்கலாம்டா கண்ணு” என்றாய். மறுநாளே நீ ஊருக்குப் போவது எனக்குத் தெரியும். ஆனாலும் அது வாய்ப் பழக்கத்தில் வந்தது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பினாய். கிளம்புவதற்கு முன்னால் மரக்கட்டைகளை எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயப்போட்டாய். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நோட்டில் எழுதி என்னிடம் கொடுத்தாய். இரண்டு மாதத்துக்கு இவ்வளவு ஏற்பாடா என்று சலித்துக்கொண்டேன். ஆட்டோ வந்து நின்றதும், குழுவில் என்ன போடுவது என்று கேட்டேன்.

“பெரிய மிஸ் ஊருக்குப் போயிருக்கார், பொங்கலுக்குள்ள வந்துடுவார்னு போடு ஸ்டெல்லா. ஜாஸ்தி விவரம் வேணாம்.”

மூன்று மொழியில் எழுதினேன். கன்னடத்தில் இன்னும் மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தையைத் தேடிப்பிடித்துப் போட்டேன். நம் நோட்டீஸில் வந்த முதல் பொய் அது, எழுதியவள் நான்.

திங்கட்கிழமை முதல் இனியா உன் முக்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. தினமும் காலையில் பையை மாட்டுவதற்கு முன்னால் என்னிடம் கேட்பாள், இன்றைக்குப் பெரிய மிஸ் வருகிறார்களா என்று. இன்னும் இத்தனை தூக்கம் தூங்கி எழுந்தால் வந்துவிடுவார்கள் என்று விரல் மடக்கிக் காட்டுவேன். ஃபோனில் உன் குரல் சுரத்தில்லாமல் இருக்கும். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் அப்படித்தான் அசத்தும் என்பாய். பொங்கல் முடிந்தது. குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு நிச்சயம் வருவேன் என்றாய். அதையும் நோட்டீஸில் போட்டேன். இனியா அன்று கையில் காகிதக் கொடியோடு, மிட்டாய் கொடுத்து முடிக்கிற வரைக்கும் கேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரியில் உன் தங்கை கூப்பிட்டாள். முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டதாம். கணையத்தில் புற்றுநோய் என்று தீபாவளிக்கு முன்பே உனக்குத் தெரியுமாம். வைத்தியத்துக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“உங்ககிட்ட சொன்னா வெள்ளிக்கெழம நோட்டீஸ்ல வந்துடும்னு அக்கா சிரிச்சாங்க. குழந்தைங்க மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வர தைரியம் இல்லன்னாங்க.”

அந்தக் கேப் டிரைவரும் இதைத்தான் நினைத்திருப்பார். அவர் வாசலில் நின்று உன்னிடம் திட்டு வாங்கினார். உன்னைத் திட்ட நீ எனக்கு வழி வைக்கவில்லை. ஃபோனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை. உன் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன், எனக்கென்று ஒரு சீட்டாவது எழுதி வைத்திருப்பாய் என்று. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஃபைல்களுக்கு நடுவில், அலமாரித் தட்டில், ஃபோனில் உன் பழைய செய்திகளில் பார்த்தேன். திரும்பவும் டிராயரில் பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் அதையே செய்தேன். பாசிப்பயறு யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு வரி இல்லை.

வியாழக்கிழமை பெற்றோர்களைக் கூட்டினேன். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்பதில் அநேகமாக எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். அமெரிக்கா போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என்றார் ஒரு அப்பா. சாமியிடம் தூங்குகிறார் என்று சொன்னால் போதும் என்றார் ஒரு அம்மா. இனியாவின் அம்மா நல்ல பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்து நாளில் மறந்துவிடுவாள், எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள். ஒப்புக்கொண்டிருக்கலாம். எனக்கும் அதுதான் சுலபம். ஆனால் இரண்டரை மாதமாக விரல் மடக்கிக் காட்டியது என் கை. இன்னொரு பொய்யையும் அந்தக் கையால் எழுத என்னால் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நோட்டீஸை முழுக்க நானே எழுதினேன். பெரிய மிஸ் இறந்துவிட்டார். இனி வரமாட்டார். திங்கட்கிழமை காலை இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வேன். தூங்குகிறார் என்று வீட்டில் சொல்லாதீர்கள், பிள்ளைகள் தூங்கப் பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றும் சொல்லாதீர்கள், நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது பயப்படும். உங்களுக்கு அழுகை வந்தால் மறைக்க வேண்டாம். ஒரே கேள்வியை நூறு தடவை கேட்பார்கள், நூறு தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். மூன்று வீட்டில் திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பவில்லை. அதில் ஒரு வீட்டார் பிறகும் அனுப்பவில்லை. இனியாவை அவள் அம்மா அனுப்பினாள்.

பாயில் வட்டமாக உட்காரவைத்துச் சொன்னேன். உடம்பு ரொம்பக் கெட்டுப்போய் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, டாக்டராலும் சரிசெய்ய முடியவில்லை என்றேன். ஒருவன் உன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டான். இன்னொருத்தி தண்ணீர் வேண்டும் என்றாள். இனியா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கதானே வருவாங்கன்னு சொன்னீங்க?”

“ஆமா. நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு.”

பெரிய மிஸ் எனக்கும் பொய்தான் சொன்னார் என்று நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்தக் குழந்தையின் மனதில் நீ நல்லவளாகவே இருக்கிறாய், பொய்க்காரி நான்தான். அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் அவள் ஆயாவிடம் போய்ச் சரிபார்ப்பாள். கதை முடிந்ததும் அம்மா வருவாள் என்று நான் சொன்னால், ஆயா தலையாட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். பதினான்கு வருடத்தில் ஒரு பிள்ளையும் என் வார்த்தையை அப்படி நிறுத்துப் பார்த்ததில்லை. தினமும் அந்தத் தலையாட்டலுக்கு நானும் காத்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரலில் கடைசி நாள். அவள் பெரிய ஸ்கூலில் எல்.கே.ஜி. சேர்கிறாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கையாட்டிவிட்டு ஓடிவிட்டன. இனியா பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து என் முன்னால் நின்றாள்.

“மிஸ், நான் பெரிய ஸ்கூல் போறேன். இனிமே இங்க வரமாட்டேன்.”

அவள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்டிச் சொல்லக் கூடாதுடா. அப்பப்ப வந்து பாக்கறேன்னு சொல்லு.”

“இல்ல. வரமாட்டேன்.”

என் காலை ஒரு தடவை கட்டிக்கொண்டாள். பிறகு அம்மாவின் ஸ்கூட்டரில் முன்னால் ஏறி நின்றுகொண்டாள். சந்து திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். பெற்றோர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், ஆயா இருந்தாள், எதிர்வீட்டுக்காரரும் இருந்தார். எல்லோர் முன்னாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் உள்ளே போய் முகம் கழுவினேன். பசி எடுத்தது, உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

உனக்காக இன்னும் அப்படி அழ முடியவில்லை. நீ செத்து மூன்று மாதம் தாண்டிவிட்டது. உன்னை நினைத்தால் முதலில் வருவது கோபம், இரண்டாவதாக வருவதும் கோபம்தான். ஆட்டோவில் ஏறும்போது, ‘நான் வரமாட்டேன் ஸ்டெல்லா’ என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால், உன் காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் புரண்டிருப்பேன், ஆனாலும் நீ போயிருப்பாய். பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு நீ விட்டுப்போனது இந்தக் கோபம் ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் உன்னுடையது என்று என்னிடம் ஒன்றும் இருக்காது, அதனால் இதை விடமாட்டேன்.