சின்னவ

பிப்ரவரி 3, திங்கள்

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய், ஆபரேஷன் செய்து, ஒரு வழியாகக் கொண்டுவந்து சேர்த்தோம். எலும்பு டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார், இந்த மாதத்துக்குள் எழுந்து நடந்தால் உண்டு, இல்லையென்றால் காலத்துக்கும் படுக்கைதான் என்று. மயக்க மருந்து கொடுத்ததால் புத்தி கொஞ்ச நாள் தடுமாறும், பயப்படாதீங்க என்றும் சொன்னார். எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. பெற்றவளிடம் எரிச்சல்படுகிறோமே என்று அதற்கு வேறு தனியாக வெட்கம்.

நடை பழக்க ஒரு பெண் தினமும் வருகிறாள். பிசியோ. வாயைத் திறந்தால் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" தான். காலை மடக்குங்கம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. நானும் வீட்டுக்காரரும் அவளுக்கு அதையே பேராக வைத்துவிட்டோம். அம்மா மடக்குகிறாள், நீட்டுகிறாள், சொன்னதெல்லாம் செய்கிறாள். நில்லுங்க என்றால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

இன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னாள். "பெரியவன் வரட்டும். அவன் கையைப் பிடிச்சாத்தான் எழுந்திருப்பேன்."

ஒண்ணேஒண்ணு என் பக்கம் திரும்பி, உங்க அண்ணனா மேடம், எங்க இருக்கார் என்று கேட்டாள்.

எனக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் என் வாய் என்ன சொன்னது? "வெளிநாட்டுல இருக்கார். லீவு கிடைக்கல."

ஐம்பத்திரண்டு வயசாகிறது. வெட்கங்கெட்ட வாய்.

பிப்ரவரி 4

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரி சிரி என்று சிரித்துவிட்டு, "எனக்கு ஒரு மச்சான் இருக்கான்னு இத்தனை வருஷமா மறைச்சுட்டியே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பாத்திரம் கழுவப் போனார்.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மா தூங்குகிறாள். எழுதித்தான் பார்ப்போமே.

அண்ணனை நான் உண்டாக்கியது இரண்டாம் வகுப்பில். அம்மா என்னைக் கூப்பிடுவது "சின்னவளே" என்றுதான். சின்னவளே தலையை வாரிக்கோ, சின்னவளே பால் பொங்குது பாரு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் என்னை ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அம்மா மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் அவள் கூப்பிட்டது பெஞ்சுத் தோழி காதில் விழுந்துவிட்டது. நீ சின்னவள்னா பெரியவ யாரு என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியாது. "பெரியவ இல்ல, பெரியவன். எங்கண்ணன்" என்றேன். அவ்வளவுதான், பிறந்துவிட்டான்.

அப்புறம் அவனை வளர்க்க வேண்டியதாயிற்று. ஹாஸ்டலில் சேர்த்தேன், யாரும் பார்க்க முடியாதே, அதனால். கணக்கில் புலி, ஆனால் நாய் என்றால் பயம். இடது கையால் எழுதுவான். திங்கட்கிழமை தோறும் அவனைப் பற்றிப் புதுக் கதை கேட்க மரத்தடியில் ஒரு கூட்டம் சேரும். முந்தின நாளே அடுக்களையில் அம்மாவிடம் ஒத்திகை பார்ப்பேன். அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூடக் கதை விடாதேடி என்று சொன்னதில்லை. வேறு அம்மாவாக இருந்திருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும், நிறுத்து என்று கண்ணால் சொல்வாள்.

என்னை ஏன் சின்னவளேன்னு கூப்பிடறே என்று கேட்டும் பார்த்தேன். நீ சின்னவதானே என்றாள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 7

இன்றும் நிற்கவில்லை. ஒண்ணேஒண்ணு போகும்போது, பெத்த தாய் இப்படிக் கிடக்கிறப்ப வராம இருக்க உங்க அண்ணனுக்கு எப்படி மேடம் மனசு வருது என்று கேட்டாள். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். என் பிழைப்பே அதுதானே. பார்சல் கம்பெனியில் புகார்ப் பிரிவு. உடைந்துபோன பொருளுக்கும் வந்து சேராத பெட்டிக்கும் "தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று நாள் முழுக்க எழுதுகிறேன். மனமார ஒரு தடவையும் வருந்தியதில்லை. பெரிய எழுத்தாளராக வருவாய் என்று என்னை வாழ்த்தியவர்கள் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணனைக் கொன்ற கதையையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஒரு தடவையாவது அவனைக் காட்டு என்று பிடுங்கி எடுத்தார்கள். போட்டோவாவது கொண்டுவா என்றார்கள். தப்பிக்க வழி தெரியவில்லை. ஒரு வாரம் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேனா — திரும்பிப் போனதும், காய்ச்சல் எனக்கு இல்லை, அண்ணனுக்கு, அவன் போய்விட்டான் என்று சொல்லிவிட்டேன். வகுப்பே அழுதது. நானும் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன், அதுதான் கேவலம். எல்லோரும் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசியது பிடித்தும் இருந்தது.

அன்று சாயங்காலமே வகுப்பு டீச்சர் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் நேராக அம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் காய்ச்சல்ல போயிட்டான்னு கேள்விப்பட்டேன். எப்படித் தாங்கறீங்க?" என்றார்.

அம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழ ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்து விழ, அப்படி ஒரு அழுகை. டீச்சரும் கூட உட்கார்ந்து அழுதார். வந்த பெண்கள் அழுதார்கள். நான் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவர்கள் போனதும் அம்மா முகத்தைக் கழுவினாள். காபி போட்டு என் முன்னால் வைத்து, "ஆறிடும், குடி" என்றாள். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. என்னைக் காப்பாற்ற இவ்வளவு நடித்தாளே என்று கூனிக் குறுகிப் போனேன்.

பிப்ரவரி 10

கூனிக் குறுகியவள் அடுத்து என்ன செய்தாள்? அதை வைத்தே கதை எழுதினாள்.

கல்லூரியில். தலைப்பு: "அம்மாவுக்கு முதல் பரிசு". பொய் சொல்லும் மகள், துக்கம் கேட்க வரும் டீச்சர், மகளைக் காப்பாற்ற அழுது நடிக்கும் அம்மா. அந்த அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்துவாள், ஒரு கண்ணால் டீச்சரை நோட்டம் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் அழலாமா என்று யோசிப்பாள். போட்டியில் முதல் பரிசு எனக்கே கிடைத்தது. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து வாசித்தேன். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். பஸ்ஸில் வரும்போது, நல்லா வாசிச்சே என்றாள்.

கல்யாணம் ஆனபின் எழுதவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, விட்டுப்போயிற்று. ஆனால் அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

பிப்ரவரி 12

வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவருடைய அக்கா மகன் ஆள் உயரமாக இருக்கிறான், பெரியவன் என்று சொல்லி அழைத்துவந்து கையைப் பிடிக்க வைப்போம், அத்தைக்கு எங்கே தெரியப்போகிறது என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. கதை விட்டது போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று கத்திவிட்டேன். அப்புறம் தனியாக உட்கார்ந்து, ஒருவேளை கூப்பிடலாமோ என்றும் யோசித்தேன். மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஒண்ணேஒண்ணு அம்மாவைப் பேச்சில் இழுத்தபடியே காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பையன் எப்படி இருப்பார் என்று கேட்டாள். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கணக்கில் புலி, நாயைக் கண்டால் ஓடிவிடுவான், இடது கையால் எழுதுவான் — என் சரக்கெல்லாம் ஒன்று விடாமல் வருகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வெங்காயம் உரித்தபடி கேட்டதை எல்லாம் வைத்திருக்கிறாள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் சொன்னாள், "இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம். பால் குடிக்கிறப்ப அதைத்தான் தடவிக்கிட்டே இருப்பேன்."

அவனுக்கு நான் மச்சம் வைக்கவில்லை. எந்தக் கதையிலும் வைக்கவில்லை. பால் குடிக்கிற வயசு அவனுக்கு இருந்ததே இல்லை. என் கையில் அவன் பிறந்ததே ஹாஸ்டல் பையனாகத்தான்.

சித்திக்குப் போன் போட்டேன். அம்மாவின் தங்கை, அவளை விட்டால் கேட்க ஆள் இல்லை. மச்சத்தைப் பற்றிக் கேட்டேன். உங்கம்மா உனக்குச் சொல்லவே இல்லையா என்றாள்.

சித்தி சொன்னது: எனக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை. ஒரு மாசம்கூடத் தங்கவில்லை. காய்ச்சல். இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். பேர்கூட வைக்காத பிள்ளைதானே என்று யாரும் துக்கம் கேட்கவும் வரவில்லையாம். "நீ பொறந்ததும் சின்னவளேன்னு கூப்பிட ஆரம்பிச்சா. அதை மட்டும் உங்கப்பாவால நிறுத்த முடியல."

பிப்ரவரி 14

நடிக்கலை.

அவ நடிக்கலை. டீச்சர் வந்து கையைப் பிடிச்சப்ப அவ நடிக்கவே இல்லை. அதை நான் மைக்குல — முந்தானையில மூக்கைச் சிந்தறான்னு — ஐயோ, அந்த ஒரு கண்ணால நோட்டம் பாக்கறது. அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க.

காய்ச்சல்னு எனக்கு ஏன் வாயில வந்துச்சு? எவ்வளவோ இருக்கே சாகறதுக்கு. அதைக் கேட்டப்ப அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

லேப்டாப்பில் ஆபீஸ் வேலையைத் திறந்து வைத்தேன். ஒரு அம்மாள் கண்ணாடி விளக்கு நொறுங்கி வந்ததாக எழுதியிருந்தார். மனமார வருந்துகிறோம் என்று எழுத வேண்டும். கை ஓடவில்லை. மூடிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் அம்மா தெளிவாக இருந்தாள். இன்ன கிழமை என்று சரியாகச் சொன்னாள். ஞாயிறானாலும் ஒண்ணேஒண்ணு வந்து, வாக்கரைக் கட்டிலோரம் நிறுத்திவிட்டுக் கூடத்தில் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ வசனம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை.

"அம்மா, அண்ணன் வர மாட்டான்" என்றேன்.

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதான் அன்னைக்கே சொன்னியே, காய்ச்சல்னு" என்றாள். கோபமே இல்லாத குரல். "உங்க டீச்சர்கூட வந்தாங்க. கையைப் பிடிச்சு எப்படித் தாங்கறீங்கன்னு கேட்டாங்க. அவங்க ஒருத்தர்தான் கேட்டாங்க."

காலேஜில் வாசித்தேனே ஒரு கதை, ஞாபகம் இருக்கா, உன்னை வைத்து எல்லோரையும் சிரிக்க வைத்தேனே, என்னை மன்னிச்சிடும்மா என்றேன். உளறிக்கொட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அத்தனை பேர் இருக்கிற இடத்துல, மைக்குல, எனக்கு ஒரு பையன் இருந்தான்னு சொன்னியே."

அதற்குத்தான் கைதட்டினாளா? நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அவன் வர மாட்டான்னா, அப்ப நீ பிடி."

கதவைத் திறந்து ஒண்ணேஒண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். அம்மா எழுந்து நின்றாள். கால் நடுங்கிற்று, என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. இன்னும் ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு நிமிஷம் என்று அந்தப் பெண் கெஞ்சினாள். அம்மா நின்றாள்.

பிப்ரவரி 22

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போய்வந்தாள். சாப்பிடும்போது அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். மச்சம், சுருட்டை முடி, தும்மினால் உடனே அழுவானாம்.

மார்ச் 14, வெள்ளி

ஒண்ணேஒண்ணுக்கு இன்று கடைசி நாள். அம்மா தானாகவே வாசல் வரை நடக்கிறாள், இனி நான் எதற்கு மேடம் என்றாள். கிளம்பும்போது, அண்ணன் வந்தா என் சார்பா நல்லா நாலு வார்த்தை கேளுங்க என்றாள்.

ஆமாம் ஆமாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

"வெளிநாடுன்னு சொன்னது பொய்ம்மா" என்றேன். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டான். போன மாசந்தான் எனக்கே தெரியும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வாசல் என்றும் பார்க்காமல், தெருவில் ஆள் போகிறது என்றும் பார்க்காமல் அழுதேன். பார்த்தே இராத ஒருவனுக்காக அப்படி அழ வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் போனபின் திரும்பினேன். அம்மா வாக்கரைப் பிடித்தபடி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ. அன்று டீச்சர் வந்தபோது பார்த்தாளே ஒரு பார்வை, அதே பார்வை.

"முகத்தைக் கழுவிட்டு வா, சின்னவளே" என்றாள். "காபி ஆறிடும்."